தேய்ந்த தட்டா, கசிந்த சிலிண்டரா: 21,400 கிலோமீட்டரில் போன ஒரு கிளட்ச்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை மாலை. வேளச்சேரியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் என் தங்கை மடிப்பாக்கத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கைவேலி சிக்னலில் அவளுடைய காரின் கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது; காலை எடுத்த பிறகும் மேலே வரவில்லை. இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு இழுத்து, பின்னால் நின்ற இரண்டு பைக்காரர்களின் உதவியோடு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் முதலில் என்னைத்தான் அழைத்தாள். அப்போது வண்டி ஓடியிருந்த தூரம் 21,400 கிலோமீட்டர். 2022 ஜூனில் 7,40,000 ரூபாய்க்கு வாங்கிய, கைக்கியர் கொண்ட பெட்ரோல் கார் அது. மூன்று ஆண்டுகள் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி உண்டு.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன். கெட்டுத் திரும்பி வரும் பாகங்களை மேசையில் வைத்து, அவை ஏன் கெட்டன என்று பார்ப்பதே அங்கு என் வேலை. அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் இந்த விவகாரம் ஒரே தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும். தங்கை 20,826 ரூபாய் கட்டிவிட்டு வந்திருப்பாள். விற்பனை முகவரின் பெயரையோ தயாரிப்பாளரின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. நடந்தது எந்த நிறுவனத்தின் பணிமனையிலும் நடக்கக்கூடியது.

திறக்காமலே சொல்லப்பட்ட காரணம்

வண்டி இழுத்துச் செல்லப்பட்ட மறுநாள் காலை பத்தரை மணிக்கு சர்வீஸ் அட்வைசர் தங்கையை அழைத்தார். "மேடம், கிளட்ச் எரிஞ்சிருச்சு. அரை கிளட்ச்லயே ஓட்டினா இப்படித்தான் ஆகும். தேயுற பொருள், வாரண்டியில வராது." மிதியை முழுதாக விடாமல் பாதி அழுத்தியபடியே ஓட்டுவதைத்தான் அரை கிளட்ச் என்பார்கள். கிளட்ச் தட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் 11,200 ரூபாய், அதற்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 14,336, கூலி 5,500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் சேர்த்து 6,490, ஆக 20,826 ரூபாய் என்று எஸ்டிமேட் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் பேசியபோது அவர் குரலைச் சற்றுத் தாழ்த்தி, "சார், லேடீஸ் ஓட்டுற வண்டியில இது ரொம்ப சாதாரணம்" என்றார். என் தங்கை 16 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறாள். இதற்கு முன் வைத்திருந்த காரை 78,000 கிலோமீட்டரில் விற்றபோதும் அதில் முதல் கிளட்ச்தான் இருந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: கியர்பாக்ஸை இறக்கிவிட்டீர்களா? இறக்கவில்லை. முன்சக்கர இழுவை கொண்ட கார்களில், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் தட்டு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள மணி வடிவ உறைக்குள் மறைந்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்காமல் அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்காத ஒரு பாகம் எரிந்துவிட்டது என்றும், அது எரிந்ததற்கு ஓட்டியவரின் கால்தான் காரணம் என்றும் இரண்டு முடிவுகள் அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டன.

அன்று மதியமே பணிமனைக்குப் போனோம். வண்டியின் குறையும் வேலையும் பதிவாகும் தாளான ஜாப் கார்டில், வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற கட்டத்தில் "கிளட்ச் ஸ்லிப்" என்று எழுதியிருந்தது. தங்கை அப்படிச் சொல்லவே இல்லை. அவள் சொன்னது, இரண்டு வாரமாக மிதி பஞ்சுபோல் இருந்தது, ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று பல் உரசும் சத்தம் வந்தது, கடைசியில் மிதி கீழேயே நின்றுவிட்டது என்பதுதான். இவ்விரண்டு விவரிப்புகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. லைனிங், அதாவது தட்டின் மேலுள்ள உராய்வுப் பூச்சு, தேய்ந்துபோன கிளட்ச் வழுக்கும்: இன்ஜின் அலறும், வண்டி வேகம் எடுக்காது, ஆனால் மிதி வழக்கம்போல் மேலே வரும். மிதி பஞ்சாவதும் கியர் உரசுவதும் கிளட்ச் முழுதாக விடுபடாததன் அடையாளம். அதாவது காலின் அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் ஹைட்ராலிக் பாதையில் எங்கோ காற்று புகுந்திருக்கிறது அல்லது திரவம் கசிகிறது. அட்வைசருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே எழுதினார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு முப்பது வண்டி பார்ப்பவர்களுக்கு "ஸ்லிப்" என்பது கையில் தானாக வரும் சொல். ஆனாலும் கையெழுத்துப் போட மறுத்து, தங்கை சொன்ன வாக்கியங்களை அப்படியே எழுத வைத்தோம்.

பிறகு அங்கேயே உட்கார்ந்து, முகவருக்கும் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கும் சேர்த்து நான்கு வரி மின்னஞ்சல் ஒன்றை அனுப்பினோம். கியர்பாக்ஸை எங்கள் முன்னிலையில் இறக்க வேண்டும், கழற்றிய பாகங்களைக் கழுவவோ துடைக்கவோ கூடாது, முடிவு எட்டும்வரை அவற்றை அப்புறப்படுத்தக் கூடாது, நாங்கள் படம் எடுப்போம் என்பதே அதன் சாரம். இந்த நிகழ்வில் நாங்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். ஒரு டீசல் குளியலில் அழிந்துவிடக்கூடிய சாட்சியம் அது.

மேசையில் கிடந்தது

ஆகஸ்ட் 14 அன்று கியர்பாக்ஸ் இறங்கியது. அதை இறக்கிய மெக்கானிக் இளைஞர் எதையும் மறைக்க முயலவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். உறையைப் பிரித்ததுமே அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் "ஆயிலா இருக்கே சார்" என்பதுதான். அட்வைசர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

உறையின் அடிப்பகுதி ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தால் கியர் ஆயிலின் கந்தக நெடி இல்லை. இன்ஜின் ஆயிலின் கருப்பும் இல்லை. வெளிர்மஞ்சளாக, நீரில் கலந்தால் கரைந்துவிடும் கிளைக்கால் வகைத் திரவம் அது, அதாவது பிரேக் ஆயில். இந்தக் காரில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே ரிசர்வாயர் டப்பாவிலிருந்துதான் டாட் 4 என்ற தரத்திலான பிரேக் திரவத்தை எடுக்கின்றன. மிதியை அழுத்தினால் அந்தத் திரவம் கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுற்றி வளையமாக அமர்ந்திருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அதன் முகத்திலேயே பொருத்தப்பட்ட பேரிங், பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தித் தட்டை விடுவிக்கும். பழைய வண்டிகளில் இந்தச் சிலிண்டர் வெளியே தொங்கும், கசிந்தால் தரையில் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். இப்போது உள்ளே போய்விட்டதால் கசிவு முழுவதும் உறைக்குள்ளேயே நடந்து, கடைசி நாள்வரை வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம்.

சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று நீக்கிப் பார்த்தபோது திரவத்தை அடைத்து நிறுத்தும் உள் ரப்பர் சீலின் ஒரு பக்கத்தில் ஈரம் கோடாகத் தெரிந்தது. கிளட்ச் தட்டின் கியர்பாக்ஸ் பக்க லைனிங்கில் திரவம் தெறித்துக் கறுத்த பளபளப்பு இருந்தது. இன்ஜின் பக்க லைனிங் உலர்ந்திருந்தது. எரிந்த கிளட்ச்சில் இரு பக்கமும் ஒன்றுபோல் கருகியிருக்கும்.

அடுத்து, தேய்மானம். லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ரிவெட்டின் தலைவரை உள்ள ஆழம்தான் ஒரு தட்டில் மிச்சமிருக்கும் ஆயுள். சர்வீஸ் கையேட்டில் இதற்குக் குறைந்தபட்ச எல்லை 0.3 மில்லிமீட்டர். என் பழைய வெர்னியர் அளவுகோலைக் கொண்டுபோயிருந்தேன். அட்வைசர் முகம் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. ஆறு இடங்களில் அளந்ததில் 1.0 முதல் 1.1 வரை வந்தது. உதிரிபாகக் கவுன்டரில் கேட்டுப் புதிய தட்டு ஒன்றை வாங்கி அதையும் அளந்தோம்: 1.4. ஆக, தேயக்கூடிய 1.1 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.35 மட்டுமே 21,400 கிலோமீட்டரில் தேய்ந்திருக்கிறது. இதே கணக்கில் அந்தத் தட்டு 65,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். மெட்ரோ பணிக்காகத் தோண்டிப் போட்ட மடிப்பாக்கம் சாலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஊர்ந்து போகும் ஒரு காருக்கு அது மோசமான கணக்கே அல்ல.

இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலம் பாய்ந்த திட்டுகள் இல்லை. மயிரிழை வெடிப்புகளும் இல்லை. அரை கிளட்ச்சில் ஓட்டிச் சூடேற்றப்பட்ட உலோகம் அந்த நீலத்தை மறைக்கவே முடியாது.

மூன்று முறை மாறிய வாதம்

அட்வைசருக்குப் பதிலாக இப்போது பணிமனை மேலாளர் வந்தார். சிலிண்டர் கசிந்திருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அரை கிளட்ச்சின் சூட்டில்தான் சீல் கெட்டது என்றார். சீலைக் கெடுக்கும் அளவுக்குச் சூடு ஏறியிருந்தால் அதற்கு நெருக்கமான பிரஷர் பிளேட்டில் அதன் தழும்பு எங்கே என்று கேட்டோம். அந்த வாதம் அத்துடன் நின்றது.

பிறகு வந்தது வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கமும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் நின்றதை எல்லோரும் அறிவர். வாகனப் பதிவு முகவரியைப் பார்த்ததும் இது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் கார் வைத்திருப்பவர்கள் மழை எச்சரிக்கை வந்ததும் முதலில் செய்வது வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் ஏற்றுவதுதான். தங்கையும் டிசம்பர் 3 அன்று அதைத்தான் செய்திருந்தாள். பாலத்தின் மேல் வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே தன் வண்டியைக் கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்திருந்தாள். படம் இல்லாதிருந்தாலும் கவலையில்லை. உறைக்குள் வெள்ளநீர் புகுந்திருந்தால் ஃப்ளைவீலின் விளிம்பில் துரு இருக்கும், சேற்றின் கோடு இருக்கும். எங்கள் படங்களில் அந்த விளிம்பு பளிச்சென்று இருந்தது.

மூன்றாவது வாதம்தான் உண்மையில் வலுவானது, காகிதத்தில் இருந்ததால். வாரண்டிப் புத்தகத்தின் விலக்குப் பட்டியலில் பிரேக் பேட், வைப்பர் ரப்பர் ஆகியவற்றுடன் கிளட்ச் தட்டும் இருந்தது. ஸ்லேவ் சிலிண்டரை வேண்டுமானால் வாரண்டியில் தருகிறோம், தட்டும் பிரஷர் பிளேட்டும் பட்டியலில் உள்ளவை, அவற்றை நீங்கள்தான் வாங்க வேண்டும், கூலியில் பாதியையும் தர வேண்டும் என்றார் மேலாளர். சிலிண்டரின் விலை 4,300, வரியோடு 5,504. அதை அவர்கள் ஏற்றாலும் நாங்கள் கட்ட வேண்டியது 14,336-உம் 3,245-உம் சேர்ந்து 17,581 ரூபாய்.

புத்தகத்தை நிதானமாகப் படித்தோம். விலக்கு சொல்லும் வாக்கியம், அந்தப் பொருட்களின் "இயல்பான தேய்மானம்" வாரண்டியில் அடங்காது என்றுதான் சொன்னது. அவை எந்தக் காரணத்தால் கெட்டாலும் அடங்காது என்று அது சொல்லவில்லை. 1.05 மில்லிமீட்டர் மிச்சமுள்ள தட்டு தேய்ந்ததால் மாற்றப்படவில்லை. வாரண்டிக்குட்பட்ட இன்னொரு பாகம் கசிந்து அதன்மேல் திரவத்தைக் கொட்டியதால் மாற்றப்படுகிறது. விவாதம் முழுவதும் எந்தப் பாகம் கெட்டது என்ற கேள்வியைச் சுற்றியே அவர் நடத்தப் பார்த்தார். அதை எது கெடுத்தது என்ற கேள்விக்கு நாங்கள் திரும்பத் திரும்ப இழுத்துவந்தோம்.

அவர்களுடைய காகிதமே பேசியது

அன்றிரவு தங்கை தன் கோப்பிலிருந்த பழைய ஜாப் கார்டுகளை எடுத்தாள். அவள் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. மின்கட்டண ரசீதுகள்கூட ஆண்டுவாரியாக இருக்கும். 2024 பிப்ரவரியில், 15,600 கிலோமீட்டரில், வீல் அலைன்மென்ட்டுக்காக விட்டபோது "முதல் கியரில் கிளட்ச் அதிர்கிறது" என்று அவள் சொன்னது பதிவாகியிருந்தது. எதிரே, "ஓட்டிப் பார்த்தோம், குறை இல்லை" என்ற குறிப்பு. அதே தாளில், நுகர்பொருட்கள் பகுதியில், "பிரேக் ஆயில் டாப் அப்". முன்பக்க பிரேக் பேட் 8 மில்லிமீட்டர் என்றும் அதே தாளில் இருந்தது.

பிரேக் ஆயில் தானாகத் தீர்ந்துபோகும் பொருளல்ல. பேட்கள் தேயத் தேய பிஸ்டன்கள் வெளியே வருவதால் டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும், அவ்வளவுதான். பேட்கள் நல்ல கனத்தோடு இருக்கையில் மட்டம் இறங்கியிருந்தால், திரவம் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். 2024 ஜூனில் இரண்டாம் ஆண்டு சர்வீஸில் அந்தத் திரவம் முழுவதுமாக மாற்றப்பட்டதற்குப் பில் இருந்தது, பேட் 7.5 மில்லிமீட்டர். இரண்டே மாதம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று நாங்கள் படம் எடுத்தபோது, டப்பாவில் திரவம் MIN என்ற குறைந்தபட்ச மட்டக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. பெரும்பாலான வடிவமைப்புகளைப் போலவே இதிலும் கிளட்ச்சுக்குப் போகும் குழாய் டப்பாவின் பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருப்பதால், கிளட்ச் பக்கம் கசிந்தாலும் பிரேக்குக்கான பங்கு அடியில் தங்கிவிடும். தங்கை அன்று மாலை கைவேலியில் பிரேக் பிடித்து நிற்க முடிந்தது அந்த ஏற்பாட்டினால்தான்.

முதலில் அதிர்வு, பிறகு பஞ்சான மிதி, கடைசியில் மிதி விழுதல். தட்டில் திரவம் பட்டால் அதிர்வு வரும். திரவம் குறைந்து காற்று புகுந்தால் மிதி பஞ்சாகும். ஆறு மாதத்துக்கு முன்பே கசிவு தொடங்கிவிட்டதென்பதும், பணிமனை அதைப் பார்த்தும் திரவத்தை ஊற்றி மூடிவிட்டதென்பதும் அவர்கள் கைப்படவே எழுதப்பட்டிருந்தன. சீல் தொழிற்சாலையிலேயே குறையோடு வந்ததா, அல்லது டாப் அப் செய்யும்போது தவறான எண்ணெய் கலந்து ரப்பர் ஊதிக் கெட்டதா என்பதை மேசையில் வைத்துச் சொல்ல முடியாது. கனிம எண்ணெய் பட்டால் இந்தச் சீல்கள் ஊதும். இரண்டில் எது உண்மையானாலும் பழி வண்டி ஓட்டியவரிடம் வராது.

ஆகஸ்ட் 16 அன்று இவை எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, எட்டுப் படங்களோடும் மூன்று ஜாப் கார்டு நகல்களோடும் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். கோபச் சொற்கள் எதுவும் இல்லை. தங்கை முதலில் எழுதிய வரைவில் இருந்தவற்றை நான் அடித்தேன். "லேடீஸ்" பற்றிய வரியை மட்டும் எடுக்கக் கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள், அது இருந்தது. ஐந்து நாள் பதில் இல்லை. 21-ஆம் தேதி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். அந்த எண் தீர்ப்பு எதுவும் வழங்குவதில்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். ஆனால் நிறுவனத்துக்குள் அது வேறொரு மேசைக்குப் போகிறது. மறுநாளே ஏரியா சர்வீஸ் மேனேஜர் தொலைபேசியில் வந்தார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால்

இதற்கிடையில் வழக்கறிஞரான நண்பரிடம் பேசியிருந்தோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். முகவர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய விலை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரின் முழு விலையைக் கணக்கில் கொண்டாலும் எங்கள் வழக்குக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதற்கு மேல் 15 நாள்வரை மட்டுமே நீட்டிக்கலாம்.

நண்பர் இரண்டு எச்சரிக்கைகள் தந்தார். தயாரிப்புக் குறை என்று சொன்னால் ஆணையம் நிபுணர் அறிக்கை கேட்கும். 38-ஆம் பிரிவின்படி பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பவும் கூடும். அதுவரை பாகம் முத்திரையிட்டபடி இருக்க வேண்டும், வண்டி ஓடாமல் நிற்க வேண்டியும் வரலாம். மற்றொன்று, இணையத்தில் கிடைக்கும் மாதிரி நோட்டீஸ்களைப் பார்த்துப் பலரும் அச்சட்டத்தின் ஆறாம் அத்தியாயத்திலுள்ள பொருள் பொறுப்பு விதிகளை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அச்சட்டத்தில் "தீங்கு" என்பதற்கான விளக்கமே அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதத்தை விலக்கிவிடுகிறது. கெட்ட கிளட்ச் அங்கே நிற்காது; பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற சாதாரண வழிதான் பொருந்தும். புதிய கார் கேட்கலாமா என்று தங்கை கேட்டதற்கு அவர் சிரித்தார். குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை, அதற்காக முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.

முடிந்த விதம்

27-ஆம் தேதி ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் வந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், ஜாப் கார்டுகளைப் படித்தார், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மேலாளரிடம் அவர் கேட்டது, பிப்ரவரியில் ஆயில் ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தீர்களா என்பது மட்டுமே. பதில் வரவில்லை.

சிலிண்டரும் முழுக் கூலியும் வாரண்டியில் ஏற்கப்பட்டன. தட்டுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் "குட்வில்" என்ற பெயரில் பாதி விலை: 5,600 ரூபாய், வரியோடு 7,168. அந்தச் சொல்லை நான் ரசிக்கவில்லை. தவறை ஒப்புக்கொள்ளாமல் பணத்தை விட்டுக்கொடுப்பதற்கு நிறுவனங்கள் கண்டுபிடித்த சொல் அது. உரிமையாகக் கேட்டதைச் சலுகையாக மாற்றிவிடுகிறது. நான் இன்னும் இழுத்திருப்பேன். தங்கை வேண்டாம் என்றாள். அதற்குள் 12 பள்ளி நாட்களுக்கு ஆட்டோவுக்கே 2,880 ரூபாய் போயிருந்தது. "அண்ணா, எனக்கு வண்டி வேணும், தீர்ப்பு வேணாம்" என்றாள். அவள் வண்டி, அவள் முடிவு.

ஆகஸ்ட் 31 அன்று வண்டியை எடுக்கப் போனபோது, முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டதாக அச்சிட்ட தாளை நீட்டினார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, "7,168 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்தி வண்டியைப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வாரண்டியில் மாற்றிய சிலிண்டர் தயாரிப்பாளருக்குச் சொந்தம், தர முடியாது என்றார்கள். அது சரிதான், புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. ஆனால் தட்டுக்குப் பாதி விலை நாங்கள் கொடுத்திருக்கிறோமே என்று தங்கை கேட்டாள். உதிரிபாகக் கவுன்டரில் ஒரு சிறு ஆலோசனை நடந்தது. கடைசியில் பழைய தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அது இப்போது மடிப்பாக்கத்தில், மின்கட்டண ரசீதுகள் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ரிசர்வாயர் டப்பாவில் திரவம் நின்ற மட்டத்தில் தங்கை அன்றே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டாள். மாதத்தின் முதல் ஞாயிறன்று பானட்டைத் திறந்து பார்க்கிறாள். 6,000 கிலோமீட்டர் கடந்தும் திரவம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.